மீளாத உயிரும் மீளும் ஆட்டமும்

சதுரங்கப் பலகையில் ஒரு காலாள் வெட்டுண்டு வீழ்ந்தால் அதற்காக எவரும் கண்ணீர் வடிப்பதில்லை. அந்தக் காலாளுக்குப் பெயரில்லை, ஊரில்லை, அவன் வரவை எதிர்நோக்கி வாயிலில் நிற்கும் தாயில்லை. வெட்டப்பட்ட காய் சிறிது நேரம் பலகையின் ஓரத்தில் கிடக்கும். ஆட்டம் முடிந்ததும் மற்றக் காய்களோடு பெட்டிக்குள் போகும். மறுநாள் மாலை அதே காய் அதே கட்டத்தில் வந்து நிற்கும். எனவே சதுரங்கம் ஆடுவோரின் மனச்சான்றுக்கு எந்த இடையூறும் இல்லை.

அந்தக் காலாளுக்கு ஒரு பெயரைச் சூட்டினால் என்ன நேரும்? அவனுக்கு ஒரு முகத்தையும் பேச்சையும் கொடுத்து, வெட்டுண்டபின் அவன் மீண்டும் எழவே மாட்டான் என்னும் விதியையும் வகுத்துவிட்டால், அவனை நகர்த்தும் கை தயங்காதா? 1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜப்பானில் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டு இந்த வினாவை எழுப்பியது. 'ஃபயர் எம்பளம்' என்பது அதன் பெயர். நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபாமிகோம் கருவிக்காக இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் அதனை உருவாக்கியது. ஷோசோ காகா என்பவர் அதனை வடிவமைத்தார். விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அது தொடங்கிவைத்த தொடர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து, பல நாட்டு இளைஞரின் இரவுகளை விழுங்கியிருக்கிறது. ஒருவர் பல பத்து மணி நேரத்தை மனமுவந்து ஒன்றுக்குக் கொடுக்கிறார் என்றால், அந்த ஒன்று அவருள் எதையோ தொட்டிருக்கவேண்டும். அது யாது என்பது சிந்திக்கற்பாலது.

நாட்டை இழந்த ஆல்ட்டியா நாட்டு இளவரசன் மார்த், சிறு படையொன்றைத் திரட்டி இழந்ததை மீட்கப் புறப்படுகிறான். கதை 25 இயல்களாக விரிகிறது. ஒவ்வோர் இயலும் ஒரு போர்க்களம்; களம் முழுவதும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வேலேந்திய குதிரை வீரர், கனத்த கவசம் பூண்டோர், சிறகுள்ள குதிரைமேல் வரும் இளவரசி, நோய் தீர்க்கும் கோலேந்திய துறவியர் என 50க்கும் மேற்பட்டோர் வழியெல்லாம் வந்து சேர்கின்றனர். காட்டுக்குள் நிற்பவனுக்கு அடி குறைவாக விழும். வானில் பறப்பவளுக்கு வில்லே கூற்றுவன். தன் முறையில் தன் வீரரை நகர்த்திவிட்டு, பகைவன் முறை வரும்போது கைகட்டிப் பார்த்திருக்கவேண்டும். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று திருவள்ளுவர் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து நிறுத்தியிருப்பதன் பொருத்தத்தை, வகுப்பறையில் உணராத மாணவர் இத்தகைய களத்தில் ஒரு மாலைப்பொழுதில் உணர்ந்துவிடக்கூடும்.

எனினும் இந்த ஆட்டத்தின் ஈர்ப்பு அறிவுக்கூர்மையில் மட்டும் அடங்குவதன்று. அது வீரர்கள் வளரும் முறையில் இருக்கிறது. போர்செய்து பயிற்சி மிகும்போது ஒரு வீரனின் வலிமையும் விரைவும் கூடும். எது கூடும், எது கூடாது என்பது பெரும்பாலும் வாய்ப்பைப் பொறுத்தது. ஆகவே ஒருவர் கையில் வளர்ந்த வில்லாளி இன்னொருவர் கையில் வளர்ந்த அதே பெயருடைய வில்லாளியைப் போல் இருக்கமாட்டான். ஒரே விதை இரு வேறு நிலங்களில் இரு வேறு மரமாவதைப் போன்றது அது. ஆடுபவர் அவனைத் தம்முடையவனாகக் கருதத் தொடங்குவது இயல்பே. வலுவற்றவனாய் வந்து சேர்ந்த ஒருவனைப் பகைவரின் அடி படாமல் பின்வரிசையில் வைத்துக் காத்து, சாகும் தறுவாயில் உள்ள எதிரியைக் கொல்லும் வாய்ப்பை மட்டும் அவனுக்கு விட்டுக்கொடுத்துப் பழக்கி, பத்து இயல்களுக்குப்பின் அவனே படைக்கு முதுகெலும்பாய் நிற்பதைக் காணும் மகிழ்ச்சி, மெதுவாய்க் கற்கும் மாணவனைக் கரையேற்றிய ஆசிரியரின் மகிழ்ச்சிக்கு நெருங்கிய உறவுடையது.

பணி முடிந்து வீடு திரும்பிய ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய களம் பதினொரு மணியளவில் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. பகைத்தலைவன் ஒருவனே எஞ்சியிருக்கிறான். முதல் இயலிலேயே வந்து சேர்ந்த கோர்டின் என்னும் வில்லாளியை ஒரு கட்டம் கூடுதலாக முன்னே நகர்த்திவிடுகிறார். ஒரே ஒரு கட்டம். எங்கிருந்தோ ஒரு குதிரைவீரன் வருகிறான்; ஓர் அடி; இரண்டாம் அடி. கோர்டின் வீழ்கிறான். விடைபெறும் சில சொற்கள் திரையில் தோன்றி மறைகின்றன. இனி வரும் இயல்களில் அவன் பெயர் படைப்பட்டியலில் இராது.

இளைஞரின் கை எங்கே போகும்? பெரும்பாலும் கருவியில் உள்ள ரீசெட் பொத்தானை நோக்கியே போகும். அதை அழுத்தினால் களம் தொடக்கத்திற்கே திரும்பும். கோர்டின் உயிரோடு நிற்பான். இரண்டு மணி நேர உழைப்பு மட்டும் இல்லாமற் போகும். மறுநாள் காலையில் வேலைக்குப் போகவேண்டிய அந்த மனிதர், நள்ளிரவில் அதே களத்தை முதலிலிருந்து மீண்டும் ஆடுகிறார். கடுஞ்சினத்துடன் ஆடுகிறார்; எனினும் ஆடுகிறார். இந்த ஆட்டத்தைப் பற்றி மனம் நொந்து பேசுவோர் அனைவரும் இந்த இரவைப் பற்றியே பேசுகின்றனர். அதைப் போற்றிப் பேசுவோரும் இதே இரவைப் பற்றியே பேசுகின்றனர் என்பதுதான் வியப்பு.

இங்கேதான் அறவினா பிறக்கிறது. அவர் அந்தப் பொத்தானை அழுத்தியது அன்பினாலா, கணக்கினாலா? வில்லாளி என்னும் உயிருக்காகவா, அவனிடம் சேர்ந்திருந்த வலிமை என்னும் முதலீட்டுக்காகவா? கேட்டால் அன்பு என்றே பலரும் சொல்வர். ஆனால் நேற்று வந்து சேர்ந்த, இன்னும் எதற்கும் பயன்படாத ஒரு வீரன் வீழ்ந்திருந்தால் அதே கை அதே விரைவோடு பொத்தானுக்குப் போயிருக்குமா? பலருக்குப் போயிராது. அவ்வாறாயின் அன்பு என்று பெயர் சூட்டப்பட்டது எது?

இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்றும் இந்த ஆட்டத்தில் தானே அமைந்துவிடுகிறது. அதை எவரும் திட்டமிட்டு வைத்ததாகத் தெரியவில்லை. கோர்டின் வீழ்ந்த அதே களத்தில் வேறொரு வீரன் எதிர்பாராத வகையில் எல்லா ஆற்றல்களும் ஒருங்கே கூடப்பெற்று வளர்ந்திருக்கிறான் என்று கொள்ளலாம். அத்தகைய வளர்ச்சி நூற்றில் ஒரு முறை வாய்ப்பது. களத்தை மீண்டும் தொடங்கினால் கோர்டின் பிழைப்பான். அந்த அரிய வளர்ச்சி அழிந்துபோகும். தொடங்காவிட்டால் வளர்ச்சி நிலைக்கும், கோர்டின் போய்விடுவான். ஓர் உயிரும் ஒரு பேறும் தராசின் இரு தட்டுகளில் ஏறுகின்றன. பார்ப்பவர் எவரும் இல்லாத அந்த அறையில், தம் உள்ளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஆடுபவர் தாமே காண்கிறார். திரையில் இருப்பவை வெறும் புள்ளிகளே. ஆயினும் சாய்ந்த உள்ளம் மெய்யானது.

வெறும் புள்ளிகளுக்காக வருந்துவது பேதைமை என்று சிலர் கூறலாம். புகார் நகரத்துக் கோவலன் மதுரையில் வெட்டுண்டபோது வருந்தாத தமிழ் மாணவர் உண்டோ? அங்கேயும் இருப்பவை எழுத்துகளே. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோவலன் இறப்புக்குப் படிப்பவர் பொறுப்பல்லர்; எத்தனை முறை ஏட்டைப் புரட்டினாலும் அவன் வெட்டுண்டே தீர்வான். கோர்டினை அந்தக் கட்டத்திற்கு நகர்த்தியவரோ ஆடுபவரே. இரக்கத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துக் கொடுப்பது இந்த ஆட்டத்தின் தனித்தன்மை.

இந்த ஆட்டத்தில் மீட்க முடியாதது எது என்று ஆராய்ந்தால் விடை சற்று எதிர்பாராததாக இருக்கிறது. வீரன் மீட்கப்படுகிறான், வாளும் பொருளும் மீட்கப்படுகின்றன, தோற்ற களமும் மீட்கப்படுகிறது. ஆடுபவர் செலவிட்ட இரண்டு மணி நேரம் மட்டும் மீள்வதில்லை. அது அவருடைய சொந்த வாழ்நாளின் ஒரு துண்டு. ஆகவே ரீசெட் பொத்தானை அழுத்துவது விதியை ஏமாற்றும் செயல் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. கற்பனை உயிர் ஒன்றுக்கு மெய்யான நேரத்தை விலையாகக் கொடுக்கும் செயல் அது. விலை கொடுத்து வாங்கியதாலேயே மீண்டும் எழுந்து நிற்கும் கோர்டின் முன்னைவிட அருமையானவனாகிறான். அவனை மறுமுறை நகர்த்தும்போது கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை அவருக்குக் கற்பித்தது இழந்த இரண்டு மணி நேரமே.

ஆட்டத்தின் நீளமும் இதனோடு தொடர்புடையது. நெடுங்கதை ஒன்றைப் போல வாரக்கணக்கில் நீளும் இத்தகைய ஆட்டங்களில் சலிப்பூட்டும் பகுதிகள் பல உண்டு. பகைவர் இருபது பேரும் ஒருவர்பின் ஒருவராக நகர்வதைப் பார்த்திருக்கவேண்டும். தேய்ந்த ஆயுதங்களைக் கணக்கிட்டு மாற்றவேண்டும். இவற்றைக் குறை என்று சொல்வதில் தவறில்லை, குறைதான். ஆனால் நாள்பட்ட பழக்கம் இல்லாமல் நேசம் வளர்வதில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டத்தில் கோர்டின் ஒரு காயாகவே இருந்திருப்பான்.

ஆடுவோரின் மனநோவை அறிந்த படைப்பாளர்கள் அதைத் தணிக்கப் பல வழிகளைத் தேடினர். அவற்றுள் ஒன்று சுவையானது. தாக்கினால் அடி விழும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்பதைத் திரை முன்கூட்டியே காட்டும். 90 என்று காட்டினால் பத்தில் ஒரு முறை தவறவேண்டும் என்பது கணிதம். மனித உள்ளமோ 90 என்றால் உறுதி என்றே எடுத்துக்கொள்கிறது. தவறினால் ஏமாற்றப்பட்டதாகக் கொதிக்கிறது. 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஆட்டம் முதற்கொண்டு, ஓர் எண்ணை எடுப்பதற்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைக் கொள்ளும் முறை உள்ளே புகுத்தப்பட்டது. அதன் விளைவாக 90 என்று காட்டப்படுவது உண்மையில் ஏறத்தாழ 98 ஆகிறது. 10 என்று காட்டப்படுவது ஏறத்தாழ 2 ஆகிறது. திரை அந்த மாற்றத்தைச் சொல்வதில்லை. நன்மை பயக்கும் பொய்யைப் பற்றி வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் எண்ணிப் பார்த்ததை அறிந்தவர்க்கு இது புதிய வழக்கன்று. ஆயினும் இந்த இனிய பொய்யில் ஒரு கேடு உண்டு. 90 என்பது தவறவே தவறாது என்று பழகிவிட்டவர், அது தவறும் அந்த ஒரு முறையில், முன்னைவிடப் பன்மடங்கு சினம் கொள்கிறார். தணிக்க வந்த மருந்தே நோயை வளர்ப்பதும் உண்டு.

2008ஆம் ஆண்டு முதல் ஆட்டம் புதுப்பிக்கப்பட்டபோது நேர்ந்தது இதனினும் விந்தையானது. வீரர் பலரை இழந்தும் மனந்தளராமல் ஆட்டத்தைத் தொடர்பவர்க்கு ஆறுதலாகச் சில கூடுதல் இயல்கள் சேர்க்கப்பட்டன. படையில் உயிரோடு இருப்போர் 15 பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் அவற்றுட் சிலவற்றின் வாயில் திறக்கும். நோக்கம் நல்லது, இழந்தவர்க்கு இரங்குவது. ஆனால் எவரையும் இழக்காமல் கண்ணுங்கருத்துமாய் ஆடியவர் அந்த இயல்களைக் காண விரும்பினால் என்ன செய்வது? தம் வீரரைத் தாமே பகைவரின் வாளுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அவ்வாறே பலர் அனுப்பினர். பழிச்சொல்லை வடிவமைப்பாளர்மேல் போட்டுவிட்டு அனுப்பினர். இழப்புக்கு ஆறுதலாக வைத்தது இழப்புக்குக் கூலியாக மாறிவிட்டது. உதவித்தொகை, சலுகை, மதிப்பெண் என்று நல்லெண்ணத்தோடு திட்டம் வகுக்கும் எவரும் இந்தச் சிறு நிகழ்ச்சியை நினைவில் வைப்பது தகும்.

பின்னர், 2010ஆம் ஆண்டில், வீழ்ந்தவர் அடுத்த களத்தில் நலமுடன் திரும்பும் எளிய முறை ஒன்று பழைய முறையோடு சேர்த்து வைக்கப்பட்டது. எதை வேண்டுமானாலும் ஆடுபவர் தேர்ந்துகொள்ளலாம். பழகியவர்கள் முகம் சுளித்தனர். சாவில்லாத போர் போரா என்று கேட்டனர். கேள்வி நியாயமானதுதான். எனினும் மறுபக்கமும் உண்டு. விற்பனை குன்றிவந்த இந்தத் தொடர் 2012ஆம் ஆண்டின் 'அவேக்கனிங்' என்னும் ஆட்டத்தோடு முடிவுக்கு வரக்கூடும் என்ற நிலை இருந்தது. அந்த ஆட்டம் பெருவெற்றி பெற்றுத் தொடரைக் காப்பாற்றியது. எளிய முறை மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆயினும் புதியவர் பலர் அஞ்சாமல் உள்ளே வர அது வழிசெய்தது. இரவில் ஒரு மணி நேரமே ஓய்வு கிடைக்கும் உழைப்பாளி ஒருவர் எளிய முறையைத் தேர்ந்தால் அவரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. அவரிடம் விலையாகக் கொடுக்க நேரமே இல்லை. நேரம் உடையவரின் கடுமையை நேரம் இல்லாதவர்மேல் சுமத்துவது அறமாகாது.

ஆனால் 2017ஆம் ஆண்டில் வந்த மாற்றம் வேறு வகையானது. அவ்வாண்டின் ஆட்டத்தில் தெய்வத்தின் காலச்சக்கரம் ஒன்று ஆடுபவர் கையில் கொடுக்கப்பட்டது. தவறு நேர்ந்தால் களம் முழுவதையும் அழிக்கவேண்டியதில்லை. சக்கரத்தைச் சிறிது பின்னோக்கிச் சுழற்றினால் போதும். அந்த ஒரு நகர்வு மட்டும் நடவாததாகிவிடும். 2019ஆம் ஆண்டின் 'த்ரீ ஹவுசஸ்' ஆட்டத்திலும் அதே ஆற்றல் வேறு பெயரில் உண்டு. ஒரு களத்தில் இத்தனை முறை என்று அளவு வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் முன்பு இரண்டு மணி நேரம் விலையாகக் கொடுத்துப் பெற்ற உயிர் இப்போது சில விநாடிகளில் கிடைக்கிறது. எளிய முறையில் ஆடுபவர் இறப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டே ஆடுகிறார்; அது நேர்மையான உடன்பாடு. சக்கரத்தைச் சுழற்றுபவரோ இறப்பு உண்டு என்று சொல்லிக்கொண்டே, அதன் விலையைக் கொடாமல் நழுவுகிறார். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது பொருந்தாது.

'த்ரீ ஹவுசஸ்' ஆட்டத்தை ஆசிரியர்கள் அறிந்துகொள்வது நலம். அதில் ஆடுபவர் ஏற்பது ஓர் ஆசிரியர் வேடம். துறவு மடம் ஒன்றைச் சார்ந்த போர்ப்பள்ளியில் மூன்று இல்லங்கள். மூன்று நாட்டு இளைஞர். ஆசிரியர் ஓர் இல்லத்தைத் தேர்ந்து அதன் மாணவருக்குப் பாடம் சொல்கிறார், அவர்களோடு அமர்ந்து உண்கிறார், தேநீர் அருந்துகிறார். கதையில் ஐந்து ஆண்டுகள் கழிகின்றன, போர் மூள்கிறது. ஒரே உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் எதிரெதிர் அணியில் நிற்கின்றனர். வேற்று இல்லத்து மாணவரைப் பள்ளி நாட்களிலேயே தம் வகுப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தால் அவர்களில் பலரைக் காத்திருக்கலாம். அன்று பொழுதில்லை, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்ட ஒரு மாணவி இன்று வாளேந்தி எதிரே வருகிறாள். காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் ஆற்றல் கையில் இருக்கிறது. ஆனால் அது சில நகர்வுகளையே திருப்பும். ஐந்து ஆண்டுகளைத் திருப்பாது.

அந்த ஆட்டத்தின் கதையிலேயே இதனை உணர்த்தும் காட்சி ஒன்று வருகிறது. ஆசிரியரின் தந்தை ஜெரால்ட் வஞ்சகமாகக் குத்தப்படுகிறார். ஆசிரியர் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றுகிறார். தந்தை உயிரோடு நிற்கிறார். கொலைக்கருவி பாயும் கணத்தில் ஆசிரியரின் வாளும் பாய்கிறது. இம்முறை வேறொருவன் குறுக்கிட்டு அந்த வாளைத் தடுத்துவிடுகிறான். தந்தை மீண்டும் வீழ்கிறார். அடுத்த களத்தில் வில்லாளி ஒருவன் வீழும்போது, ஆடுபவர் அதே ஆற்றலைக் கொண்டு அவனை எளிதில் எழுப்பிவிடலாம். கதை ஒன்றைச் சொல்ல, ஆட்டம் வேறொன்றைச் செய்ய விடுகிறது. படைப்பாளர்கள் இந்த முரண்பாட்டை அறிந்தே விட்டார்களா, அறியாமல் விட்டார்களா என்று எண்ணத் தோன்றுகிறது.

முதல் ஆட்டத்தில் இத்தகைய சக்கரம் எதுவும் இல்லை. கதை முடியும் தறுவாயில், மார்த்தின் தமக்கை எலீஸ் கையில் ஒரு கோல் மட்டும் இருந்தது. வீழ்ந்தோர் அனைவருள்ளும் ஒருவரை, ஒரே ஒருவரை, அது எழுப்பும். மீண்டும் தொடங்காமல் ஆடிவந்தவர் அந்த இடத்தில் தம் பட்டியலைத் திறந்து பார்க்கவேண்டும். முதல் இயலில் வீழ்ந்தவனா, நேற்று வீழ்ந்தவளா? மிக வலியவனா, தம் கவனக்குறைவால் மாண்டவனா? கோலை எவருக்கும் பயன்படுத்தாமல் முடித்துவிடவும் இயலும்.

இந்தத் தொடரின் பல ஆட்டங்கள் முடிவில் வீரர் ஒவ்வொருவரின் பின்வாழ்வையும் ஓரிரு வரிகளில் சொல்லும். ஒருவன் ஊர் திரும்பி நிலத்தை உழுதான், ஒருத்தி மணம்புரிந்தாள், ஒருவன் எங்குச் சென்றான் என்று எவருக்கும் தெரியாது. மாண்டவரின் பெயருக்கு எதிரே அவர் எந்தக் களத்தில் வீழ்ந்தார் என்பது மட்டும் எழுதியிருக்கும். இழப்போடு தொடர்ந்து ஆடியவர் அந்த வரியில் சற்று நின்று, பிறகே அடுத்த பெயருக்குப் போகிறார். ஒவ்வொருவரையும் மீட்டெடுத்தவரின் பட்டியலில் அத்தகைய வரி எதுவும் இராது. நள்ளிரவில் கோர்டினுக்காக இரண்டாம் முறை ஆடிய அந்த இரண்டு மணி நேரமும் அங்குக் குறிக்கப்பட்டிருக்காது.